தொட்டியில் ஊற்றிய தீர்த்தம்

எனக்கு மஞ்சள் காமாலை வந்தது சாமி குத்தத்தால்தான் என்று எங்கள் பங்காளி வீடுகளில் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. இப்போது கண்ணில் மஞ்சள் போய்விட்டது. நாலு வாய் சோறு உள்ளே இறங்குகிறது. பேனா பிடிக்கிற அளவுக்குக் கையில் தெம்பும் வந்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அடுத்த ஆடிக்குத் தண்ணீர்த் தொட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு குலதெய்வத்துக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்தால், அவர்கள் வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியாவது தப்பிப்பாள்.

என் பெயர் சரளா. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் ஏழுமலை ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். காலையிலும் சாயந்தரத்திலும் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பித் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போடுவதும் அவர்தான். ஊருக்கே நல்ல தண்ணீர் கொடுக்கிற மனுஷனின் பெண்டாட்டி, கெட்ட தண்ணீர் குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் குலதெய்வம் பச்சையம்மா. பெருநகர் தாண்டி, செய்யாற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு கரம்புக்கு நடுவில் இருக்கிறாள். கோயில், நாலைந்து வேப்ப மரம், ஒரு குளம், அவ்வளவுதான். வீடு இல்லை, கடை இல்லை, குழாய் இல்லை. ஆடியில் பங்காளிகள் எல்லோரும் குடும்பத்தோடு டிராக்டரில் போய்ப் படுதா கட்டி, கல் கூட்டி அடுப்பு மூட்டி, மூன்று நாள் அங்கேயே தங்கிப் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, பிள்ளைகளுக்குக் காது குத்தித் திரும்புவோம். டவுனில் இருப்பவர்கள் காசு கொடுத்துக் கூடாரத்தில் தங்கிவிட்டு வந்து போட்டோ காட்டுகிறார்களே, அதைத்தான் நாங்கள் தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறோம். அவர்களுக்குப் பாட்டில் தண்ணீர் இருக்கும். எங்களுக்கு டிரெய்லரில் வைத்துக் கட்டிக்கொண்டு போகிற கறுப்புத் தொட்டிதான்.

அந்தத் தொட்டியை நான் எப்படித் தயார் பண்ணினேன் என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். கட்டட மேஸ்திரி ஒருவரிடம் இரவல் வாங்கிய தொட்டி. உள்ளே சிமெண்டுக் கறை, பாசி, செத்த பல்லி. நான் ஒல்லி என்பதால் என்னைத்தான் உள்ளே இறக்கினார்கள். அந்தப் புழுக்கத்தில் அரை உயிர் போய்விட்டது. அடியிலிருந்து கழுத்து வரைக்கும் தேங்காய் நாரால் தேய்த்தேன். வீட்டுக்காரர் வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, வண்டல் தங்கிய பிறகு மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து ஊற்றினார். அதை ஊறவிட்டு, கொட்டி, அலசி, பிறகு ஊர்த் தொட்டித் தண்ணீரைப் பிடித்து நிரப்பினோம். அதற்கும் அளவாக மருந்து விட்டு, மூடி போட்டு, வெள்ளைத் துணியால் வரிந்து கட்டினோம். அடியில் குழாய் இருந்தது.

"அல்லாரும் கொயாயிலதான் புடிக்கணும். எவனாச்சும் சொம்ப உள்ள வுட்டீங்க, அப்பால என்ன மனுஷியாப் பாக்க மாட்டீங்க" என்று டிராக்டர் கிளம்பும் முன்பே கத்திவிட்டுத்தான் ஏறினேன்.

அங்கே போய் இறங்கி முதல் சொம்பு பிடித்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னாமே இது, ஆஸ்பத்திரி நாத்தம் நாறுது?" என்றார் மாமியார்.

"மருந்து வாட அத்த. அது கீறதாலதான் தண்ணி நல்லா கீது."

"சாமிக்குப் பொங்க வெக்கிற தண்ணிலயா மருந்தப் போட்ட? குடிச்சா கொடலு வெந்து பூடாதா?"

நான் அடுப்பங்கரைப் பக்கம் காய் நறுக்கப் போன நேரத்தில், வாடை போகட்டும் என்று மூடியைத் திறந்து போட்டுவிட்டார்கள். ஆடிக் காற்றும் வெயிலும் பகல் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கின. சாயந்தரம் அதைப் பார்த்துவிட்டு நான் போட்ட கூச்சலில் பூசாரியே எட்டிப் பார்த்தார். மறுபடியும் மூடிக் கட்டினேன். வாடை சுத்தமாகப் போய்விட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். மருந்து காற்றோடு போனால் என்ன, அழுக்கு ஒன்றும் விழவில்லையே என்று என் மனதை நானே தேற்றிக்கொண்டேன். நானும் குடித்தேன். என் ஓரகத்தி கோமதிக்கும் நானே பிடித்துக் கொடுத்தேன். அவள் என் கொழுந்தன் முருகேசனின் மனைவி, அப்போது அஞ்சு மாசம். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் பச்சையம்மா ஆசீர்வாதம் வேண்டுமென்று அவளையும் கூட்டிப்போயிருந்தார்கள்.

போனோம், வந்தோம், எல்லாம் மறந்தே போயிற்று. ஆடி முடிந்து ஆவணியும் பாதிக்கு மேல் போனபிறகுதான் எனக்கு உடம்பு படுத்தத் தொடங்கியது. முதலில் காய்ச்சல். பிறகு எண்ணெய் காய்கிற வாடை வந்தாலே குமட்டல். நாஷ்டாவுக்குத் தோசை சுட்டுக்கொண்டே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். "இன்னாடி, இந்த வயசுல இன்னொண்ணா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கண்ணடித்தாள். ஒரு கிளினிக்கில் கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது.

மாமியார் சும்மா இருப்பாரா? சிறுநீரில் பச்சரிசியை ஊறப்போட்டார். அரிசி மஞ்சளாயிற்று. "காமாலதான், சந்தேகமே இல்ல" என்று சோதனை ரிசல்ட் கையில் வந்ததுபோலச் சொன்னார். அதோடு விட்டாரா? பெரிய மாமனார், அதாவது என் மாமனாரின் அண்ணன், எங்கள் வகையறாவுக்கே தலைக்கட்டு, வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"அவ கோயில்ல போட்ட ஆட்டம் அப்புடி. பச்சையம்மா சும்மா வுடுவாளா? மருந்து கலந்த தண்ணில சாமிக்குப் பொங்க வெச்சா இதான் நடக்கும். பச்சிலய அரச்சிக் குடு. அடுத்த ஆடிக்கு வந்து காலுல வுழட்டும்."

பச்சிலையும் குடித்தேன், மந்திரித்த கயிறும் கட்டினார்கள். எழுந்து நிற்க முடியவில்லை. உடம்பு முழுக்க அரிப்பு. கண்ணாடியில் என் கண்ணை நானே பார்த்துப் பயந்துபோனேன். என் வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாமல் என்னை ஆட்டோவில் தூக்கிப்போட்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே பார்த்த உடனே பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் காத்திருப்பதைப் பற்றி என்ன எழுத? ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை. பெஞ்சில் இடமில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். யாரோ முன்பின் தெரியாத அம்மாள், தன் மகனுக்காக வந்தவர், என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். அவர் பெயர்கூட நான் கேட்கவில்லை. அவர் நல்லா இருக்கட்டும்.

வார்டில் ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசுதான், ஆனால் நின்று நிதானமாகப் பேசினார். கல்லீரல் வீங்கியிருக்கிறது என்றார். ரத்தத்தில் பிலிருபின் என்று ஒரு மஞ்சள் கழிவு இருக்குமாம். கல்லீரல்தான் அதை வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். கல்லீரல் நோயில் படுத்துவிட்டால் அந்த மஞ்சள் ரத்தத்திலேயே தேங்கிக் கண்ணுக்கும் தோலுக்கும் ஏறிவிடும். "மஞ்சள் காமாலைன்னு ஒரு தனி வியாதி கிடையாதும்மா. உள்ளே கல்லீரல் கஷ்டப்படுதுங்கறதுக்கு அது அடையாளம். எதனால கஷ்டப்படுதுன்னு கண்டுபிடிக்கணும்" என்றார்.

கண்டுபிடித்தார்கள். ஹெபடைட்டிஸ் இ. கண்ணுக்குத் தெரியாத வைரஸ். மனுஷ மலம் கலந்த தண்ணீரைக் குடித்தால் வருவது. குடித்த உடனே தெரியாது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழித்துக்கூடத் தலையைக் காட்டும்.

"ஒரு மாசம் ஒண்ணரை மாசத்துக்கு முன்னால எங்கயாவது வெளியில தங்கினீங்களா? குளம், குட்டைத் தண்ணி ஏதாவது குடிச்சீங்களா?"

"கொளத்துத் தண்ணியா? நானா? தொட்டிய நானே எறங்கிக் கழுவனேன் டாக்டர். மருந்து போட்டு, மூடி போட்டு..." என்று ஆரம்பித்ததுமே மூச்சு வாங்கியது. என் கால்மாட்டில் நின்ற வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? பதினைந்து வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறேன்.

"யோவ். இன்னா மறைக்கிற?"

"ஒண்ணுமில்ல சரளா, நீ படு."

"சொல்றியா, இல்ல இந்த ஊசியப் புடுங்கிப் போடட்டா?"

அப்புறம்தான் வந்தது. கோயிலில் இரண்டாம் நாள் விடியற்காலையில் கங்கை திரட்டுவது எங்கள் வழக்கம். பம்பை அடித்துக்கொண்டு தலைக்கட்டு குளத்துக்குப் போய், புதுக் குடத்தில் தண்ணீர் மொண்டு, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலையில் சுமந்துவந்து அம்மனுக்கு ஊற்றுவார். மிச்சத்தை எல்லோர் தலையிலும் தெளிப்பார்கள். இந்த வருஷம் கூட்டம் அதிகம். நான் அந்த நேரத்தில் பிள்ளைகளைக் காது குத்துக்குக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பெரிய மாமனாருக்குத் தெளித்து மாளவில்லையாம். "ஒவ்வொருத்தனுக்கா தெளிச்சிக்கினு நிக்க முடியுமா? தொட்டில ஊத்திட்டா அல்லாருக்கும் சேந்துடும்" என்று துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்து, குடத்தைக் கவிழ்த்துவிட்டாராம். அதற்குக் குலவை வேறு போட்டிருக்கிறார்கள்.

"நீ எங்க இருந்த?" என்றேன்.

"பக்கத்துலதான்."

"பக்கத்துல நின்னுக்கினு பாத்தியா? ஊருக்கெல்லாம் பவுடர் போடறவன் பாத்துக்கினு நின்னியா?"

"பெரிநைனா ஊத்தறாரு, நான் இன்னான்னு சொல்றது? மஞ்சத் தண்ணிதானேன்னு நெனச்சேன்."

"மஞ்சத் தண்ணியா? முந்தின நாளு ராவுல மழ பேஞ்சுதே, அந்தக் கரம்புல நாம அல்லாரும் எங்க போயி ஒக்காந்தோம்? அது அல்லாம் எங்க வடிஞ்சிது? அந்தக் கொளத்துலதானய்யா!"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. தொட்டிக்குள் இறங்கி வெந்தது நான். மருந்து நாறுகிறது என்று திட்டு வாங்கியது நான். கடைசியில் சாமி குத்தம் என்று பேர் வாங்கியதும் நான். காவலாக இருந்த மருந்தை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு, அதன்மேல் குளத்தைக் கொண்டுவந்து ஊற்றியவர்கள் வீட்டில் கால் நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள்.

டாக்டரம்மா எங்கள் சண்டை முடியட்டும் என்று காத்திருந்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தண்ணிய குடிச்சவங்கள்ல கர்ப்பிணி யாராவது இருக்காங்களா?"

நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். வீட்டுக்காரர்தான் சொன்னார். "என் தம்பி சம்சாரம் கீதுங்க. இப்ப ஏழாம் மாசம்."

டாக்டரம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். என்னைப் போன்றவர்களுக்கு இது ஓய்வும் கஞ்சியும் நல்ல தண்ணீரும் இருந்தால் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடுமாம். ஆனால் மாசம் ஏறிய கர்ப்பிணிக்கு வந்தால் கல்லீரல் திடீரென்று வேலையை நிறுத்திவிடக்கூடும், தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம் என்றார். "ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. ரத்தம் பார்த்துடணும்."

உடனே வீட்டுக்குப் போன் போட்டோம். மாமியார் எடுத்தார். விஷயத்தைச் சொன்னால் என்ன சொன்னார் தெரியுமா?

"நாளான்னிக்கு அவளுக்கு சீமந்தம். தாமல் ஊர்ல கீற சம்மந்தி வூட்ல வளையல்லாம் வாங்கி வெச்சிக்கினு கீறாங்க. இப்பப் போயி ஆஸ்பத்திரி, நோயின்னு சொன்னா அவங்க இன்னா நெனப்பாங்க? அவ நல்லாத்தான் கீறா. கொஞ்சம் அசதி, அவ்ளோதான்."

"சோறு துன்றாளா அத்த?"

"மாசமா கீறவ எங்கடி ஒழுங்காத் துன்னுவா?"

போனைக் கோமதியிடம் கொடுக்கச் சொன்னேன். கோமதி வாய் பேசாத பெண். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து "சரி அத்த", "சரி மாமா" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

"கோமதி, நான் கேக்கறதுக்கு வெக்கப்படாம சொல்லு. ஒண்ணுக்கு இன்னா கலர்ல போவுது?"

குசுகுசுவென்று, "மஞ்சளா போவுதுக்கா. வெயில் சூடுன்னு அத்த சொன்னாங்க" என்றாள்.

நான் கட்டிலை விட்டு இறங்கிவிட்டேன். சலைன் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு வராந்தா வரைக்கும் என் வீட்டுக்காரரைத் துரத்தினேன். "போய்யா. போயி அவளக் கூட்டினு வா. அவ இல்லாம இந்த வாசப்படி ஏறாத. இன்னிக்கும் பாத்துக்கினு நின்னியானா நீ எனக்குப் புருஷனே இல்ல." சிஸ்டர் ஓடிவந்து திட்டி, என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். திட்டிய அந்த சிஸ்டரே கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று கணக்குப் போட்டுக் கோமதிக்கு மறுபடி போன் அடித்தேன். அவள் எடுத்து அப்படியே கையில் வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. வீட்டுச் சண்டை முழுக்க என் காதில் விழுந்தது. மாமியார் அழுகிறார். பெரிய மாமனார் கத்துகிறார்.

"அவளுக்குக் காமால மூளைக்கு ஏறிக் கீது, அவ பேச்சக் கேட்டு வந்துட்டியா? நானுந்தான் குடிச்சேன். எனக்கு இன்னா ஆச்சி? சாமி தீர்த்தத்தப் போயி நோவுன்னு சொல்றியே, வாய் அழுவிப் பூடும்டா!"

என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. கத்தவில்லை. "பெரிநைனா, நவுருங்க."

"இன்னாடா?"

"வாசல வுட்டு நவுருங்க. அவ ஏறட்டும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பெரிய மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குக் கட்டிலில் படுத்தபடியே அழுகை வந்துவிட்டது.

பெரிய மாமனார் கேட்டதைப் போலவே பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லோரும்தானே குடித்தோம், உனக்கு மட்டும் ஏன்? டாக்டரம்மாவிடமே கேட்டேன். ஒரே தண்ணீரைக் குடித்தாலும் பலருக்கு நோய் வெளியே தெரியாமலே வந்துபோய்விடுமாம். எங்கள் கூட்டத்திலேயே இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து கண் மஞ்சளாகிப் பச்சிலை குடித்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்ச் சுகாதார ஆய்வாளர் ஊருக்கு வந்து கேட்டபோது, சாமி காரியம் வெளியில் போகக்கூடாது என்று அவர்கள் வாயைத் திறக்கவில்லை. இது என்ன கௌரவம், எனக்குப் புரியவே இல்லை.

கோமதி வந்தாள். ரத்தம் பார்த்தார்கள். அதேதான். என்னைவிட மஞ்சள் அதிகம். அதைவிட, ரத்தம் உறைகிற நேரம் கூடிக்கொண்டே போகிறது என்றார்கள். நமக்குக் கை வெட்டுப்பட்டால் ரத்தம் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும் இல்லையா, அதற்கு வேண்டிய சரக்கைச் செய்வதும் கல்லீரல்தானாம். அது செய்யாவிட்டால் பிரசவத்தில் ரத்தம் நிற்காது. அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். ஒரகடத்தில் கம்பெனி ஷிப்டில் இருந்த முருகேசன் யூனிபாரத்தோடு ஓடிவந்து, எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டுக்கொண்டு நின்றான். எதற்கென்று அவன் படிக்கவே இல்லை.

இரண்டு நாளில் அவளுக்கு நினைவு தடுமாறியது. கல்லீரல் வடிகட்டாமல் விடுகிற கழிவு மூளைக்குப் போனால் அப்படி ஆகுமாம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். என் முகத்தையே பார்த்துவிட்டு, "நீங்க யாரு? இது யாரு வூடு? அத்த தேடுவாங்க, நான் போவணும்" என்றாள். அந்த நிலைமையிலும் அத்தை தேடுவாங்களாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறது. மாமியார் வந்துவிட்டார். சீமந்தத்துக்கு வாங்கிய புடவையை மடியில் வைத்துக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் தரையில் கிடந்தார். சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் வேளாவேளைக்கு பிளாஸ்க்கில் கஞ்சி வாங்கிவந்து ஊட்டினார், சிக்குப் பிடித்த என் தலையை வாரிப் பின்னிவிட்டார். கஞ்சியைக் குடித்தேன், கோபத்தை விடவில்லை. இரண்டும் ஒரே வயிற்றில் இருக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பில் கிடையாது. ஆனால் ஆட்டோவும் சாப்பாடும், வீட்டில் எல்லோரும் கூலி வேலைக்குப் போகாமல் கிடந்ததும் சேர்ந்து என் கம்மலைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு நான் அழவில்லை. என்னைக் கேட்டால், ஒரு குடம் தண்ணீரைக் கையால் தெளிக்கச் சோம்பல்பட்டதற்கு இவ்வளவு விலை என்பதுதான் ஆறவில்லை.

கோமதிக்கு மாசம் முடியாமலே வலி எடுத்தது. ரத்தம் உறைவதற்கான சரக்கைப் பை பையாக ஏற்றிக்கொண்டே பிரசவம் பார்த்தார்கள். அதே தண்ணீரைக் குடித்தவர்கள் என்று என் வீட்டுக்காரரிடமும் முருகேசனிடமும் ரத்தம் எடுக்கவில்லை, அவர்கள் கூட்டாளிகளைப் போன் போட்டு வரவழைத்துக் கொடுக்க வைத்தார்கள். நாங்கள் வெளியே நின்றோம். வெளியே நிற்பதைப் போலக் கொடுமை எதுவும் கிடையாது. கதவு திறக்கும்போதெல்லாம் முன்னால் ஓடுவோம், வேறு யார் பெயரையாவது கூப்பிடுவார்கள். கடைசியில் பெண் குழந்தை என்றார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடுவாள்போல இருக்கிறாள், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம் என்றார்கள். தாயைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

சொல்ல முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் என்னை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள், நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு நாள் காலையில் கோமதி கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, "அக்கா, பசிக்குது" என்றாள். என்னை அக்கா என்று தெரிந்து கூப்பிட்டாள். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் மாமியாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவரும் அழுதார். அழுது முடித்துவிட்டு, "பச்சையம்மா காப்பாத்திட்டா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பச்சையம்மா மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவளுக்கு என் கையால்தான் பொங்கல் வைத்தேன், இனிமேலும் வைப்பேன். ஆனால் பச்சையம்மாவா குடத்தைத் தொட்டியில் கவிழ்க்கச் சொன்னாள்? தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், நூறு தரம் தெளியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? குடிக்கிற தண்ணீரில் கலக்காதீர்கள். வெட்டவெளியில் தங்கப் போகிறீர்களா, தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். மருந்து போட்டால் மூடியைத் திறந்து வைக்காதீர்கள், வாடை போனால் மருந்தும் போய்விட்டது என்று அர்த்தம். குழாய் இருந்தால் குழாயில் பிடியுங்கள். சந்தேகமாக இருந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள், அடுப்புதான் எரிகிறதே. காட்டுப்பக்கம் போனால் குளத்துக்கு எட்டப் போய்ப் பள்ளம் தோண்டி உட்கார்ந்து மண்ணைப் போட்டு மூடுங்கள். இதில் எது சாமிக்கு ஆகாத காரியம்? ஒன்றைச் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தை தேறியது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலாகக் கோமதியிடம் கொடுத்த அன்றைக்கு வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். பெரிய மாமனாரும் வந்தார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. மாமியார் ஒரு வெள்ளிச் சங்கும் சர்க்கரை கரைத்த டம்ளருமாக நின்றார்.

"காச்சி ஆற வெச்ச தண்ணிதாண்டி, மொறைக்காத" என்றார் என்னிடம்.

சேனை தொட்டு வைக்கத்தான். பிறந்த குழந்தையின் நாக்கில் யார் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கள் வகையறாவில் எந்தக் குழந்தை பிறந்தாலும் தொட்டு வைப்பது பெரிய மாமனார்தான். அவர் சங்கை வாங்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்க, கொயந்தைய இப்புடிக் காட்டும்மா."

கோமதி குழந்தையைக் காட்டவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"வேணாம் மாமா."

"இன்னாம்மா?"

"நீங்க தொட வேணாம். எம் பொண்ணுக்கு உங்க கொணம் வேணாம்." குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். "எங் கொணமும் வேணாம். சரி சரின்னு சொல்லிக்கினு கெடந்துதான் நான் சாவக் கெடந்தேன். அக்கா தொட்டு வெக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவள் சொன்னது என்ன என்பதே மண்டையில் ஏறவில்லை.

"அறிவு கீதாடி உனக்கு? தாய்ப்பாலத் தவுர ஒரு சொட்டு தண்ணி நாக்குல படக் கூடாதுன்னு டாக்டரம்மா தலதலயா அடிச்சிக்கினாங்களே! காச்சினதோ காச்சாததோ, நானா இருந்தாலும் தொட வுடாத. இந்த டம்ளர மொதல்ல எடுத்துக்கினு போங்க!"

கோமதி சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்தபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இத்தத்தான் கேட்டேன்க்கா. தண்ணி வேணாம். நீ சும்மா தூக்கிக்கோ."

பெரிய மாமனார் சங்கை மாமியார் கையில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினேன். ஒரு கைத் துண்டின் கனம்கூட இல்லை. என் கை பட்டதும் முகம் சிவக்க வீறிட்டுக் கத்தினாள். மாமியார் பதறி, அமர்த்து அமர்த்து என்றார்.

"கத்தட்டும்" என்றேன். "நீ நல்லா கத்துடி."